ஒபாமாகேரைத் தூக்க வந்தவர்கள் 3.8% வரியை ஏன் தொடவில்லை?

கொள்ளிடம்:
ரொம்ப நாளா இடிக்கிற கேள்வி. 2017-ல் வெள்ளை மாளிகை, செனட், பிரதிநிதிகள் சபை மூணுமே ரிபப்ளிகன் கையில். ஒபாமாகேர்ல (2010-ல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்) காப்பீடு எடுக்காதவங்களுக்கு இருந்த அபராதத்தை அந்த வருஷ டிசம்பர் வரிச் சட்டத்துல பூஜ்யமாக்கிட்டாங்க. விலை கூடின கம்பெனிக் காப்பீட்டு மேல போட்ட 40% வரி, மருத்துவக் கருவிகள் மேல 2.3%, காப்பீட்டு நிறுவனங்கள் மேல போட்ட ஆண்டுக் கட்டணம் எல்லாத்துக்கும் 2019 டிசம்பர்ல முடிவு கட்டியாச்சு. ஆனா அதிக வருமானக்காரங்க மேல போட்ட 3.8 சதவீதமும் 0.9 சதவீதமும் அப்படியே நிக்குது. 2025 ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்துப் போட்ட பெரிய சட்டத்துலயும் அதைத் தொடலை. மேல்தட்டுக்கு வரி குறைக்கிற கட்சின்னு பேரு வாங்கினவங்க இதை மட்டும் ஏன் விட்டாங்க? "அவங்க அப்படித்தான்" ரகப் பதில் வேணாம். சட்டம், கணக்கு, ஓட்டு எண்ணிக்கை வச்சுப் பேசுங்க.

வரிக்கட்டு:
முதல்ல ரெண்டு வரியையும் பிரிச்சுப் பார்த்துடுவோம். பாதிப் பேர் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறாங்க.

0.9% சம்பளத்து மேல. எல்லாரும் கட்டுற மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வரி 1.45%, முதலாளி பங்கு இன்னொரு 1.45%. தனிநபர் சம்பளம் 2 லட்சம் டாலரைத் தாண்டினால், தம்பதி சேர்ந்து தாக்கல் செய்து 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டின தொகைக்கு மட்டும் கூடுதல் 0.9%. இதுல முதலாளிக்குப் பங்கு கிடையாது. படிவம் 8959.

3.8% முதலீட்டு வருமானத்து மேல: வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம், வாடகை, நேரடியா வேலை பார்க்காத தொழில்ல வர்ற பங்கு. அதே 2 லட்சம், 2.5 லட்சம் வரம்பு. நிகர முதலீட்டு வருமானம் ஒரு பக்கம், மொத்த வருமானம் வரம்பைத் தாண்டின தொகை இன்னொரு பக்கம். ரெண்டுல எது குறைவோ அதுக்கு 3.8%. படிவம் 8960. 401(கே), ஐஆர்ஏ மாதிரி ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கும் பணத்துக்கு நேரடியா இந்த வரி இல்லை. ஆனா வழக்கமான கணக்கிலிருந்து எடுத்தால் மொத்த வருமானம் ஏறும், அதனால மத்த முதலீட்டு வருமானம் வரம்புக்கு மேல தள்ளப்படும். இதுலதான் நிறையப் பேர் மாட்டுறாங்க.

உதாரணம்: கணவர் சம்பளம் 1,80,000, மனைவி 1,60,000. ரெண்டு கம்பெனியும் 0.9% பிடிக்காது, ஏன்னா அவங்கவங்க கம்பெனில 2 லட்சம் தாண்டலை. சேர்த்தா 3,40,000. வரம்புக்கு மேல 90,000, அதுக்கு 810 டாலர். வட்டியும் பங்கு லாபமும் 30,000 இருந்தா அதுக்கு 1,140. ஏப்ரல்ல 1,950 டாலர் கையிலிருந்து கட்டணும். W-4 படிவத்துல மாசாமாசம் கூடுதலாப் பிடிக்கச் சொல்லாட்டி அபராதமும் வரலாம். நேர்மாறா, ஒருத்தர் மட்டும் 2,30,000 சம்பாதிக்கிற குடும்பத்துல கம்பெனி 30,000-க்கு 270 டாலர் பிடிச்சுடும். 8959 போட்டுத் திரும்ப வாங்கலாம்.

நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டியது: ஊர்ல இருக்குற ஃபிக்சட் டெபாசிட் வட்டி, வீட்டு வாடகை எல்லாம் இந்த 3.8%-க்குள்ள வரும். இந்தியாவுல கட்டின வரியைப் படிவம் 1116-ல் வழக்கமான வருமான வரிக்கு எதிராத்தான் கழிக்கலாம். 3.8%-க்கு எதிரா ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) ஏத்துக்காது.

மேல்சபை:
கேள்விக்குப் பதில் 2009-லயே இருக்கு. 3.8% யாருமே முதல் தேர்வா வச்ச வரி இல்லை.

2009 நவம்பர் 7-ல் பிரதிநிதிகள் சபை 220–215-ல் நிறைவேற்றின மசோதா நேரடியா இருந்துச்சு: தனிநபருக்கு 5 லட்சம், தம்பதிக்கு 10 லட்சம் டாலருக்கு மேல 5.4% கூடுதல் வரி. அவ்வளவுதான். செனட்டுக்கு அது பிடிக்கலை. அவங்க கம்பெனிக் காப்பீட்டு மேல 40% வரின்னு வேற வழி போனாங்க. தொழிற்சங்கங்கள் கொதிச்சுது, ஏன்னா சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து வாங்கின நல்ல காப்பீடு அவங்களோடது. அழகு அறுவை சிகிச்சைக்கு 5% வரின்னு ஒண்ணு வந்து, கடைசில அதை எடுத்துட்டுத் தோலைக் கறுப்பாக்குற டேனிங் நிலையத்துக்கு 10% போட்டாங்க. வெயிலுக்குக் குடை பிடிக்கிற நமக்கு அது சிரிப்பு. அந்த வரி இன்னிக்கும் உயிரோட இருக்கு.

டிசம்பர் 24 காலையில் செனட் 60–39. அப்புறம் 2010 ஜனவரி 19-ல் மாசசூசெட்ஸ் இடைத்தேர்தல்ல ஸ்காட் பிரவுன் ஜெயிச்சதும் டெமாக்ரட்டுகளுக்கு அந்த 60 போச்சு (செனட்ல முட்டுக்கட்டையை உடைக்க அந்த எண்ணிக்கை வேணும்). ரெண்டு சபை மசோதாவையும் உட்கார்ந்து இணைக்க வழியில்லை. செனட் மசோதாவை அப்படியே பிரதிநிதிகள் சபை ஏத்துக்கணும் (மார்ச் 21, 219–212, ஒரு ரிபப்ளிகன் ஓட்டு கூட இல்லை), அதிலுள்ள கோணலைச் சாதாரணப் பெரும்பான்மை போதுமான ரெகன்சிலியேஷன் வழியில இன்னொரு மசோதாவாச் சரிசெய்யணும். 40% வரியைத் தள்ளிப்போட்டா பணம் குறையும். அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 3.8%. மார்ச் 30-ல் கையெழுத்தான அந்த ரெண்டாவது சட்டத்துலதான் அது இருக்கு, முதல் சட்டத்துல இல்லை.

சிக்கனம்:
வரலாறு சரி. ஆனா வடிவமைப்புல மூணு கோளாறு, அதைப் பத்தி இந்த இழையில் யாரும் வாயைத் திறக்கலை.

ஒண்ணு, வரம்பு பணவீக்கத்தோட ஏறாது. 2013-ல் 2.5 லட்சம்னா இன்னிக்கு மதிப்புல சுமார் 3.5 லட்சம். "பணக்காரர் வரி"ன்னு வித்தது மெல்ல மெல்லக் கீழே இறங்கி ரெண்டு பேரும் வேலைக்குப் போற குடும்பத்தைப் பிடிக்குது. ரெண்டு, கல்யாணத் தண்டனை: தனித்தனியா இருந்தா ஆளுக்கு 2 லட்சம் வரை வரி இல்லை, சேர்ந்தா 4 இல்லை, 2.5 தான். மூணு, சட்டத்துல தலைப்பு மெடிகேர் பங்களிப்புன்னு இருக்கு, பணம் போறது பொதுக் கஜானாவுக்கு. 0.9% மட்டும்தான் மெடிகேர் மருத்துவமனை நிதிக்குப் போகுது. ஒரு கட்சி மட்டும் ஓட்டுப் போட்டு இப்படிப் பேரு மாத்தி வரி போட்டா, இன்னொரு கட்சி அதை எதிர்க்கிறதுல என்ன ஆச்சரியம்?

முத்தாலங்குறிச்சி:
வரம்பு ஏறாதது உண்மைதான், மறுக்கலை. ஆனா அது டெமாக்ரட் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. ஓய்வூதியத்துக்கு (சோஷியல் செக்யூரிட்டி) வருமான வரி போடும் 25,000, 32,000 டாலர் வரம்பு 1983-ல் ரீகன் கையெழுத்துல வந்தது. இன்னும் அதே எண்தான். வரம்பை உறையவிட்டா யாரும் புதுசா ஓட்டுப் போடாமலே வருமானம் கூடும். ரெண்டு கட்சிக்கும் அந்த வசதி பிடிச்சிருக்கு, அதனாலதான் ரெண்டு பேரும் திருத்தலை.

மேல்சபை:
இப்ப 2017-க்கு வர்றேன்.

மே 4-ல் பிரதிநிதிகள் சபை 217–213-ல் நிறைவேற்றின மசோதா 3.8 சதவீதத்தை உடனடியா நீக்குச்சு, 0.9 சதவீதத்தை 2023-ல். பத்து வருஷத்துக்கு 3.8% மட்டும் 15,000 கோடி டாலருக்கு மேல. அந்த மசோதாவுக்கான பட்ஜெட் தீர்மானப்படி அது பற்றாக்குறையைக் குறைக்கணும், ரெகன்சிலியேஷன் விதிப்படி பத்து வருஷத்துக்கு அப்புறமும் கூட்டக் கூடாது. அப்ப வரியை எடுத்தா செலவை வெட்டணும். வெட்டினது எங்க? ஏழைகளுக்கான மெடிகெய்டுல 83,400 கோடி டாலர். காங்கிரஸோட பட்ஜெட் அலுவலகம் கணக்குப் போட்டு, 2026 வாக்கில் காப்பீடு இல்லாதவங்க 2.3 கோடிப் பேர் கூடுவாங்கன்னு சொல்லிடுச்சு. ஒரே அறிக்கையில பக்கத்துப் பக்கத்து வரிசையில ரெண்டு எண்ணும் உட்கார்ந்திருக்கு. எதிர்க்கட்சிக்காரன் மேடையில பேசவே வேண்டாம், அட்டவணையைக் காட்டினாப் போதும்.

செனட்டுக்கு வந்ததும் அவங்க கட்சிக்குள்ளயே முணுமுணுப்பு. டென்னசி பாப் கார்க்கர், மெய்ன் சூசன் காலின்ஸ் போன்றவங்க, அடித்தட்டுச் சுமையை ஏத்திட்டு மேல்தட்டு வரியைக் குறைக்கறது எடுபடாதுன்னு வெளிப்படையாவே சொன்னாங்க. ஜூலை 13-ல் வந்த திருத்தின வரைவுல 3.8-ஐயும் 0.9-ஐயும் திரும்ப வச்சுட்டாங்க. அதுல மிச்சமான காசுல மாநிலங்களுக்கு 7,000 கோடி, ஓபியாய்டு போதைச் சிகிச்சைக்கு 4,500 கோடின்னு தயங்கற செனட்டர்களுக்குப் பங்கு வச்சாங்க. அப்பவும் 43–57-ல் தோத்துச்சு. ஜூலை 28 அதிகாலை, ரிபப்ளிகன் செனட்டர் மக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டின அந்தச் சுருக்க மசோதாவும் (49–51) இந்த ரெண்டு வரியைத் தொடலை. அன்னிக்கு ஜெயிச்சிருந்தாலும் 3.8% இருந்திருக்கும்.

கொள்ளிடம் கேட்டதுக்கு நேர் பதில்: வரியை நீக்குறதுக்கு 50 ஓட்டு அவங்க பக்கமே தேறலை. அதே டிசம்பர்ல வரிச் சட்டம் வந்தப்போ ஒதுக்கின தொகை 1.5 லட்சம் கோடி டாலர். கம்பெனி வரியை 35-லிருந்து 21-க்கு இறக்கறதுதான் முக்கியம், 3.8 வரிசையில பின்னாடி போயிடுச்சு.

கொள்ளிடம்:
அப்ப கருவி வரி, 40% வரி எல்லாம் போனது எப்படி? அதுவும் பணம்தானே?

மேல்சபை:
அதுக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாங்க. 40% வரியை எதிர்த்துத் தொழிற்சங்கமும் முதலாளிகளும் ஒரே வரிசையில் நின்னாங்க. 2019 ஜூலைல பிரதிநிதிகள் சபை ஓட்டு 419–6. கருவி வரியை எதிர்த்தவங்கள்ல மின்னசோட்டா, மாசசூசெட்ஸ் டெமாக்ரட்டுகளும் உண்டு, தொழிற்சாலை அங்கதான். 3.8% கட்டுறவங்களுக்கு அப்படி ஒரு தொழிற்சாலையும் இல்லை, சங்கமும் இல்லை. நாடு முழுக்கச் சிதறிக் கிடக்காங்க, பாதிப் பேருக்கு ஏப்ரல்ல படிவம் போடும்போதுதான் தெரியும்.

முத்தாலங்குறிச்சி:
சங்கம் இருந்தா என்ன ஆகும்னு 1988-ஐப் பாருங்க. மெடிகேர் பெருஞ்செலவுப் பாதுகாப்புச் சட்டம். ரீகன் கையெழுத்து, ரெண்டு கட்சி ஆதரவு. முதியவர்களோட மருத்துவமனை, டாக்டர் செலவுக்கு உச்சவரம்பு, படிப்படியா மருந்துக்கும் உதவி. பணம் யாரு தரணும்? முதியவர்களே. எல்லாருக்கும் மாசம் 4 டாலர். அது போக, வசதியுள்ள ஏறத்தாழ 40 சதவீதத்தினர் தங்கள் வருமான வரியில் 15% கூடுதலாக் கட்டணும், 1989-க்கு உச்சம் ஆளுக்கு 800 டாலர், 1993-ல் 1,050.

1989 ஆகஸ்ட்ல வரிக்குழுத் தலைவர் டான் ரோஸ்டென்கவ்ஸ்கி சிகாகோவுல தன் தொகுதிக்கே போனப்போ முதியவர்கள் கூடி அவர் காரை மறிச்சாங்க. ஒரு பாட்டி கார் பானெட் மேலயே சாய்ந்து கிடந்தாங்க. மனுஷன் கதவைத் திறந்து இறங்கி நடையைக் கட்ட வேண்டியதாப் போச்சு. தொலைக்காட்சியில் ஓடிச்சு. அக்டோபர்ல பிரதிநிதிகள் சபை 360–66-ல் ரத்து செய்தது, வருஷம் முடியறதுக்குள்ள சட்டமே காலி.

என்ன தப்பாச்சு? வரி முதல்ல வந்துச்சு, மருந்து உதவி பின்னாடிதான் வர இருந்துச்சு. கட்டுறவங்கள்ல பலருக்குப் பழைய கம்பெனி மூலமா அதே பாதுகாப்பு ஏற்கெனவே இருந்துச்சு. உச்சத் தொகை 800 எல்லாருக்கும் வரும்னு கட்டாதவங்களும் நம்பினாங்க.

சிக்கனம்:
அந்த முதியவர்கள் கேட்டது நியாயம்தானே சார்? ஏற்கெனவே கையில இருக்குறதுக்கு ரெண்டாவது தடவை காசு.

முத்தாலங்குறிச்சி:
நியாயம்தான். ஆனா அதே மாதிரி ஒண்ணை 2003-ல் புஷ் காலத்துல உங்க கட்சியே கொண்டுவந்துச்சு: வருமானம் கூடினால் மெடிகேர் பாகம் பி-க்கு (டாக்டர் செலவுக்கான பகுதி) கூடுதல் பிரீமியம், 2007 முதல் அமல். 2026-க்கு அடிப்படை மாதம் 202.90 டாலர், தனிநபருக்கு 1,09,000, தம்பதிக்கு 2,18,000 தாண்டினால் படிப்படியா ஏறும். ரெண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானத்தைப் பார்ப்பாங்க. ஓய்வு பெற்று வருமானம் குறைஞ்சவங்க எஸ்எஸ்ஏ-44 படிவம் கொடுத்துக் குறைக்கச் சொல்லலாம். வீடு வித்த லாபத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இதுக்கு "வரி"ன்னு பேரு வைக்கலை, பிரீமியம்னு வச்சாங்க. யாரும் கார் மேல ஏறலை.

வரிக்கட்டு:
இன்னொரு பெரிய ஓட்டையைச் சொல்லாம விட்டோம். எஸ் கார்ப்பரேஷன், அதாவது லாபத்துக்குக் கம்பெனி வரி கட்டாம, உரிமையாளரோட வரிக் கணக்குலயே காட்டுற கம்பெனி வகை.

ஒருத்தர் தன் சொந்தக் கம்பெனியில் தானே முழுநேரம் வேலை பார்க்கிறார். வருஷ லாபம் 8 லட்சம் டாலர். தனக்கு 2 லட்சம் சம்பளம் எழுதிக்கறார், அதுக்கு மெடிகேர் வரி உண்டு. மிச்சம் 6 லட்சத்தை லாபப் பங்கா எடுக்கறார். அது சம்பளம் இல்லை, அதனால மெடிகேர் வரி இல்லை. நேரடியா உழைச்ச தொழில், அதனால முதலீட்டு வருமானமும் இல்லை, 3.8-உம் இல்லை. மிச்சம் 22,800 டாலர். அதே லாபத்தைக் கூட்டாளி முறையில் நடத்துற டாக்டர் முழுசாக் கட்டுவார். சட்டத்துக்கு உட்பட்டதுதான், நியாயமான சம்பளம் எழுதணும்னு ஐஆர்எஸ் சொல்லுது, எது நியாயம்ங்கறதுலதான் வழக்கு.

இதுல கட்சி பேதம் இல்லை. இதே வழியால பேசப்பட்டவங்க டெமாக்ரட் ஜான் எட்வர்ட்ஸும் ரிபப்ளிகன் நியூட் கிங்ரிச்சும். 2021 நவம்பர்ல பிரதிநிதிகள் சபை இதை அடைக்க ஓட்டுப் போட்டுச்சு. 50–50 செனட்ல அது தேறலை. 2022 சட்டத்துல கம்பெனி குறைந்தபட்ச வரி 15 சதவீதமும் பங்குத் திரும்ப வாங்கலுக்கு 1 சதவீதமும்தான் வந்துச்சு. உயர் வருமானக்காரங்களோட வரி விகிதத்தை ஏத்த அரிசோனா செனட்டர் கிர்ஸ்டன் சினெமா ஒத்துக்கலை.

சிக்கனம்:
வரிக்கட்டு சொன்னதை ஒத்துக்கறேன், ஒரே வருமானத்துக்கு ரெண்டு விதி இருக்கக் கூடாது. ஆனா எனக்கு உண்மையான சிக்கல் வேற. ஒபாமா 2.5 லட்சத்துக்குக் கீழ வரி ஏத்த மாட்டேன்னார். பைடன் அதை 4 லட்சமாக்கினார். ரிபப்ளிகன் யாருக்குமே ஏத்த மாட்டேன்ங்கறான். இப்படிச் சத்தியம் பண்ணிட்டா, எல்லாருக்குமான ஒரு திட்டத்துக்கு மிகச் சிலர் மட்டும் பணம் கட்டணும். அந்தச் சிலரோட வருமானம் பங்குச் சந்தையோட ஏறி இறங்கும், மருத்துவச் செலவு இறங்காது. ஜெர்மனில சம்பளத்துல 14.6 சதவீதமும் அதுக்கு மேல கூடுதல் பங்களிப்பும் தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதி கட்டுறாங்க. கடைநிலை ஊழியரும் கட்டறார், அதனால அது தன்னோடதுன்னு நினைக்கிறார். இங்க அதைச் சொல்ல ஒரு டெமாக்ரட்டுக்கும் தைரியம் கிடையாது.

முத்தாலங்குறிச்சி:
அந்தக் கடைசிப் பத்தியில பாதி உண்மை இருக்கு. கலிபோர்னியால இப்ப முன்வைக்கப்பட்டிருக்கற யோசனையையே எடுத்துக்குங்க: சுகாதாரப் பணியாளர் சங்கம் ஒண்ணு கேட்கறது, 100 கோடி டாலருக்கு மேல சொத்துள்ளவங்க மேல ஒரே தடவை 5% வரி, 2026 ஜனவரி 1-ல் அங்க குடியிருந்தவங்களுக்கு. பெரும்பங்கு மருத்துவத்துக்கு. டெமாக்ரட் கவர்னர் நியூசமே எதிர்க்கிறார். வருஷா வருஷம் வர்ற செலவுக்கு ஒரு தடவை வர்ற வரி எப்படித் தாங்கும்? இந்த இடத்துல சிக்கனம் பக்கம்தான் நான்.

ஆனா ஜெர்மனி உதாரணத்துல ஒண்ணை மறைச்சுட்டீங்க. அங்க குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல பங்களிப்பு கிடையாது, உச்சவரம்பு இருக்கு. இங்க மெடிகேர் வரிக்கு இருந்த உச்சவரம்பை 1993-ல் நீக்கிட்டாங்க.

பிரீமியம் மாமி:
நீங்கள்லாம் மேல இருக்கறவா கட்டற வரியையே பேசிண்டிருக்கேள். நடுவுல இருக்கறவா 2026-ல எங்க மாட்டறான்னு பாருங்கோ.

ஒபாமாகேர் மார்க்கெட்ல தானே காப்பீடு வாங்கறவாளுக்கு 2021-லேர்ந்து இருந்த கூடுதல் மானியம் 2025 டிசம்பர் 31-ஓட முடிஞ்சுது. அதுக்காகத்தான் அக்டோபர் 1-லேர்ந்து 43 நாள் அரசாங்கத்தையே மூடினா. டிசம்பர் 11-ல செனட்ல டெமாக்ரட் மசோதா, ரிபப்ளிகன் மசோதா ரெண்டும் 60 கிடைக்காம விழுந்துது. மானியத்தை நிரந்தரமாக்கினா பத்து வருஷத்துக்கு 35,000 கோடி டாலர்னு பட்ஜெட் அலுவலகம் சொல்றது.

இப்போ பழைய பள்ளம் திரும்பி வந்துடுத்து. வறுமைக்கோட்டுக்கு 400% வரை மானியம், ஒரு டாலர் தாண்டினா ஒண்ணும் கிடையாது. 2026-க்கு தனி ஆளுக்கு 62,600, ரெண்டு பேருக்கு 84,600, நாலு பேருக்கு 1,28,600. 60 வயசுத் தம்பதி, வருமானம் 85,000. 2025-ல வருமானத்துல 8.5%, அதாவது 7,225 டாலர் கட்டினாப் போதும். 2026-ல முழுப் பிரீமியம், நாட்டுச் சராசரில கிட்டத்தட்ட 30,000. 400 டாலர் கூட வந்ததுக்கு!

இன்னொண்ணு. முன்னெல்லாம் வருமானத்தைக் குறைச்சுச் சொல்லி மானியம் அதிகமா வாங்கிட்டா, பள்ளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கறவா திருப்பிக் கட்டறதுக்கு ஒரு உச்சவரம்பு இருந்தது. 2026 வரிக் கணக்குலேர்ந்து அதுவும் இல்லை. மார்க்கெட்லேர்ந்து படிவம் 1095-ஏ வந்ததும், மானியக் கணக்குப் போடற படிவம் 8962-ல பைசா பாக்கி இல்லாம திருப்பித் தரணும்.

கொள்ளிடம்:
மாமி, அப்ப 400 டாலர் தாண்டறவங்க என்ன பண்ணலாம்?

பிரீமியம் மாமி:
வருமானத்தை இறக்கணும், அதுக்கு வழி உண்டு. சம்பாத்தியம் இருந்தா வழக்கமான ஐஆர்ஏ-ல போடலாம்: 2026-க்கு 7,500, ஐம்பது வயசு தாண்டினவாளுக்கு 8,600. ஆத்துக்காரரோ மாமியோ கம்பெனித் திட்டத்துல இருந்தா கழிவு கிடைக்கறதான்னு முதல்ல பார்த்துக்கணும். 2026-லேர்ந்து மார்க்கெட்ல வெண்கல (bronze) திட்டம் எடுத்தாலே ஹெச்எஸ்ஏ (மருத்துவச் சேமிப்பு) கணக்கு திறக்கலாம்: தனி ஆளுக்கு 4,400, குடும்பத்துக்கு 8,750, 55 தாண்டினா இன்னும் 1,000. ரெண்டுக்கும் அடுத்த வருஷம் ஏப்ரல் 15 வரை டயம் இருக்கு, அதனால டிசம்பர்ல கணக்குத் தப்பினாலும் சரி பண்ணிக்கலாம். வழக்கமான ஐஆர்ஏ பணத்தை ராத் ஐஆர்ஏ-க்கு (வரி கட்டின பணம் போடற கணக்கு) மாத்தறதை மட்டும் அந்த வருஷம் பண்ணாதேங்கோ, அது வருமானத்துல ஏறும், திருப்ப முடியாது.

கொள்ளிடம்:
கிரீன் கார்டுல வந்திருக்கிற அப்பா அம்மாவுக்கு?

பிரீமியம் மாமி:
அஞ்சு வருஷம் ஆகாதவாளுக்கு மெடிகெய்டு பெரும்பாலும் கிடையாது. முன்னே வருமானமே இல்லாட்டாலும் மார்க்கெட்ல மானியம் கிடைச்சுது; 2026 ஜனவரிலேர்ந்து வறுமைக்கோட்டுக்குக் கீழ இருந்தா அது இல்லை. பிள்ளை அவாளைத் தன் வரிக் கணக்குல சார்ந்தவாளாக் காட்டினா, குடும்ப வருமானம் முழுசையும் சேர்த்துப் பார்ப்பா, எத்தனை தலைங்கறதும் கூடும். நாலு பேர் ஆறு பேரானா 400% வரம்பும் மேல போகும். அதனால காட்டறதா வேண்டாமான்னு ரெண்டு விதமாவும் 8962 போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்கோ. ஹெச்1பி-ல இருக்கறவாளுக்கு 2027 ஜனவரிலேர்ந்து மார்க்கெட் மானியமே கிடையாது, அதையும் இப்பவே குறிச்சு வெச்சுக்கோங்கோ.